எறும்பு என்று பெயர் வைத்தவர்

அத்தியாயம் 9

அவருக்கு 'எறும்பு' என்று ஏன் பெயர் வந்தது என்ற கேள்விக்கு அந்த வீட்டில் மூன்று பதில்கள் இருந்தன.

"ஒரு இடத்துல உட்கார மாட்டாருங்க. அவ்வளவு சுறுசுறுப்பு. அதான்" என்றாள் மனைவி.

"தன் எடையை விடப் பெரிய மூட்டையைத் தூக்குவாராம். பட்டாளத்துல எல்லாரும் அசந்து போவாங்களாம்" என்றாள் மகள், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்றாவது பதில் கட்டிலில் கிடந்தது. அது வாயைத் திறக்கவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது.

ஊசிக்கு மூன்றாவது பதில்தான் பிடித்தது.

ஊசி என்பது, துப்பறியும் அலுவலகம் நடத்திவந்த அந்த முப்பது வயதுப் பெண்ணுக்கு அவளிடம் குத்துப்பட்டவர்கள் வைத்த பெயர். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கைநாட்டு வைக்கிற அப்பாவை எந்தெந்த மேஜை 'போயிட்டு நாளைக்கு வா' என்று விரட்டியது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவள். மேஜைக்குப் பின்னால் இருந்து பேசுகிற யாரைப் பார்த்தாலும் அவளுக்கு நாக்கு தானாகக் கூராகிவிடும்.

கூட வந்திருந்தவர் உதவியாளர் சில்லறை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தவரை யாருக்கும் மீதிச் சில்லறை கொடுத்ததில்லை என்று கெட்ட பெயர். அதற்கும் சேர்த்து வைத்து இப்போது வாயிலிருந்து உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், எங்க மேடம் பேரே ஊசி. உங்களுக்கு ஏற்கெனவே தினம் ரெண்டு ஊசி. மூணாவது வேண்டாம்னு திரும்பிப் படுத்துட்டீங்களா?" என்றார் சில்லறை.

போர்வைக்குள்ளிருந்து சிரிப்பு வரவில்லை.

சிரிப்பு வருகிற நாளும் அல்ல அது. கட்டிலில் கிடந்தவர் ராணுவத்தில் கண்ணிவெடி தேடும் பிரிவில் இருந்தவர். மண்ணில் கம்பியைச் செருகி, புதைந்திருக்கும் வெடியைத் தடவிக் கண்டுபிடிக்கிற வேலை. எந்த வெடியும் அவரைத் தொடவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு சர்க்கரை நோய் தொட்டது. போன வருஷம் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இப்போது வலது பாதத்தில் புண். ராணுவ மருத்துவமனை அவரை உள்ளே எடுத்து அந்தக் காலைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால், நோய் பணிக்காலத்திலேயே வந்தது என்று மேல்முறையீட்டு வாரியம் ஒப்புக்கொண்டாக வேண்டும். வாரியம் இரண்டு தடவை கையை விரித்துவிட்டது. 'பணியில் இருந்தபோது நோய் இருந்ததற்குச் சான்று இல்லை' என்ற ஒரே வரி. கடைசி விசாரணை நாளைக் காலையில். அங்கேயும் தோற்றால் அதற்கப்புறம் தட்டக் கதவு கிடையாது.

சாட்சி தேடித்தரச் சொல்லித்தான் மனைவி ஊசியைப் பிடித்திருந்தாள். பழைய முகாம் ஆட்கள் அத்தனை பேரையும் பார்த்தாகிவிட்டது. 'நோயா? அவனுக்கா? குதிரை மாதிரி இருந்தானே!' என்றே எல்லோரும் சொன்னார்கள்.

வழக்கை நடத்துகிறவர் முன்னாள் வீரர்கள் சங்கத்துச் செயலாளர். அவரும் அதே முகாம்தான், மருத்துவ உதவியாளர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட 'டிஞ்சர்' என்ற பெயர் இன்றைக்கும் போகவில்லை. எத்தனையோ பேருக்குப் போராடிப் பென்ஷன் வாங்கிக் கொடுத்த கை. அவரே ஊசியிடம் கையைப் பிசைந்திருந்தார்: "வருஷா வருஷம் நான்தாம்மா சிறுநீர் சோதனை பண்ணேன். அந்த நீலத் தண்ணியில விட்டுக் காய்ச்சினா, சர்க்கரை இருந்தா செங்கல் நிறத்துக்கு மாறும். அவன் பாட்டில் ஒரு தடவை கூட மாறல. நான் எப்படிம்மா பொய் சொல்றது? வேலைப் பளு, மன அழுத்தம்னு வாதாடிப் பார்ப்போம்."

இரண்டு தடவை தோற்றதும் இதே வேலைப் பளு, இதே மன அழுத்தத்தைச் சொல்லித்தான்.

மனைவி டீ கொண்டுவந்தாள். அவள் ஒரு சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நீராவி பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. சில்லறை டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் சாய்ந்து நின்றவர், தரையைப் பார்த்து, "அடடா!" என்றார்.

"என்னண்ணே?" என்றாள் ஊசி.

"இந்த வீட்டு எறும்புக்கெல்லாம் விலாசம் மாறிப்போச்சு மேடம். இங்க சீனி டப்பா மூடாம கிடக்கு. அதை ஏறிட்டும் பார்க்காம எல்லாம் பாத்ரூமுக்கு ஊர்வலம் போகுது. கட்சி மாறிட்டாங்களா?"

மனைவி அலுத்துக்கொண்டாள். "அத ஏன் கேட்கறீங்க. கால் போனதுல இருந்து அவரு பாட்டில்லதான் போறாரு. அதைக் கழுவுற இடம் அது. எவ்வளவு தேய்ச்சுக் கழுவினாலும் மொய்ச்சிருது. பொடி போட்டுப் போட்டு எனக்குக் கை ஓய்ஞ்சு போச்சு."

ஊசி டம்ளரைக் கீழே வைத்தாள். குனிந்து அந்த வரிசையைப் பார்த்தாள். படிக்கட்டிலிருந்து ஏறி, வாசற்படி தாண்டி, சீனி டப்பாவைத் தாண்டி, குளியலறைக் கதவிடுக்கில் நுழைந்தது. சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. வாரியத்துக்குத்தான் தெரியவில்லை.

நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

"முகாம்ல எங்கே மொய்ச்சுது சார்?"

போர்வை அசையவில்லை. ஆனால் வெளியே தெரிந்த ஒரு காது சிவந்தது.

"இங்க சுறுசுறுப்புன்னு சொல்றாங்க, மூட்டைன்னு சொல்றாங்க. நிஜமா அதுக்காகவா உங்களுக்கு எறும்புன்னு பேரு வச்சாங்க?"

"பொண்ணு இருக்கா" என்றது அடித்தொண்டைக் குரல். "அவ முன்னாடி இந்தப் பேச்சு வேண்டாம்."

"யார் சார் வச்சது அந்தப் பேரை?"

"அது கிண்டல்மா! ஆம்பளைங்க கூட்டத்துல ஆயிரம் கிண்டல் இருக்கும். அதைப் போய் போர்டுல சொல்லி என் மானத்தை வாங்காதீங்க. நான் வெடி எடுத்தவன். மூத்திரத்துக்காகப் பேர் வாங்கினவன்னு என் பொண்ணு கேட்கணுமா?"

மகள் கைப்பேசியை மடியில் வைத்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"கேட்டுட்டா" என்றாள் ஊசி. "சில்லறை அண்ணே, வண்டியை எடுங்க."

குறுகலான மாடிப்படியில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். சில்லறை கேட்டார்:

"எறும்பையா மேடம் சாட்சிக் கூண்டுல ஏத்தப் போறோம்? சத்தியப் பிரமாணம் எடுக்க அதுக்குக் கை எது கால் எதுன்னு போர்டே குழம்பிடுமே."

"எறும்பை இல்லண்ணே. எறும்பைப் பார்த்து இது என்னன்னு புரிஞ்சுக்கிட்டவனை. பேரு வச்சவன் எவனோ, அவன் அந்த இடத்தைப் பார்த்திருக்கான். நாம எல்லாரையும் நோயைப் பத்திக் கேட்டோம். பேரைப் பத்திக் கேட்கவே இல்ல."

முகாம் சமையல்காரர் இப்போது லாரி நிறுத்தத்தின் ஓரத்தில் கடை போட்டிருந்தார். கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு அடுப்பு, டிரைவர்கள் உட்கார இரண்டு பலகை. ஊசியைப் பார்த்ததும் கரண்டியை ஓங்கினார்.

"மறுபடியுமா? போன தடவையே சொன்னேன்ல, அவனுக்கு ஒரு கேடும் இல்லன்னு. நாலு பேர் சாப்பாட்டை ஒருத்தனா திம்பான், ஒரு குடம் தண்ணி குடிப்பான், அப்படி ஒரு ஆளுக்கு என்ன நோய் வரும்?"

"இந்தத் தடவை நோயைப் பத்தி இல்லங்க. பேரைப் பத்தி" என்றாள் ஊசி. "அவருக்கு எறும்புன்னு யாரு பேரு வச்சது?"

சமையல்காரர் கரண்டியைத் தாழ்த்தினார். முகம் முழுக்கச் சுருக்கம் விழச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"அந்தக் கூத்தா! மலை மேல முகாம். கக்கூஸெல்லாம் ஏது? பின்னாடி ஒரு தட்டைப் பாறை, எல்லாரும் அங்கதான் ஒண்ணுக்குப் போவோம். ஆளுக்கொரு இடம். இவன் இடத்துல மட்டும் கறுப்புத் துணி விரிச்ச மாதிரி எறும்பு! நான் சீனி மூட்டையை எறும்புக்குப் பயந்து கயித்துல கட்டித் தொங்க விட்டிருந்தேன். அன்னையில இருந்து என் மூட்டைப் பக்கம் ஒண்ணு வரல. 'மவராசா, என் ஸ்டோரைக் காப்பாத்திட்டடா'ன்னு அவனுக்கு ஒரு ரொட்டி கூடப் போட்டேன்."

சில்லறை வாயைத் திறந்தார். என்னவோ சொல்ல வந்து, மூடிக்கொண்டார். அவரோடு வேலை பார்த்த இந்தக் காலத்தில் அவர் வந்த வார்த்தையை விழுங்கியதை ஊசி பார்த்ததே இல்லை.

"அப்போ நீங்கதான் பேரு வச்சது" என்றாள்.

"நானா? எனக்கு அவ்வளவு மூளை ஏது. டிஞ்சர் வச்சது."

லாரி ஒன்று பின்னால் வந்து, ஆரன் அடித்து, நின்றது. அந்தச் சத்தம் அடங்கும் வரை ஊசி அசையாமல் நின்றாள்.

"யாரு?"

"டிஞ்சர்மா. உங்க செயலாளர். நான்தான் 'வாய்யா ஒரு அதிசயம் காட்டுறேன்'னு கூட்டிட்டுப் போனேன். நாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம், அவரு மட்டும் குத்த வச்சு உட்கார்ந்து பாறையையே பார்த்துட்டிருந்தாரு. ஒண்ணும் பேசல. அப்புறம் சாயங்காலம் சாப்பாட்டு வரிசையில எல்லாரையும் பார்த்துச் சொன்னாரு: 'இன்னையில இருந்து இவன் பேரு எறும்பு, ஏன்னா இவன் எறும்பு மாதிரி உழைக்கிறான்'னு. ஒரே கைதட்டல். அதோட அந்தப் பாறைக் கதையை எல்லாரும் மறந்துட்டோம்."

ஊசிக்குப் புரிந்தது. கைதட்டலுக்காக வைத்த பெயர் அது. ஒரு முகாமே கைதட்டிக்கொண்டிருக்கும்போது யாரும் பாறையைப் பார்க்க மாட்டார்கள்.

"இதை நாளைக்கு போர்டுல வந்து சொல்லுவீங்களா?"

சமையல்காரர் முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றினார். "வரேன். ஆனா ஒரு சமையக்காரன் எறும்பு பார்த்தேன்னு சொன்னா அங்க இருக்கற பெரிய மனுஷங்க என்னம்மா பண்ணுவாங்க? நாங்க அன்னைக்குப் பண்ணினதைத்தான் பண்ணுவாங்க. சிரிப்பாங்க."

அவர் சொன்னது சரி. எறும்பைப் பார்த்தவன் சாட்சி ஆக மாட்டான். எறும்பைப் பார்த்து நோயைப் படித்தவன்தான் ஆவான். அப்படி ஒருத்தன் உலகத்திலேயே ஒருவன்தான் இருந்தான், அவனும் வழக்கு தோற்கிற மாதிரியே இரண்டு தடவை வாதாடி முடித்திருந்தான்.

சங்க அலுவலகம் ஒரு தையற்கடைக்கு மேலே ஒற்றை அறை. சுவர் முழுக்கப் படங்கள். கை இல்லாதவர்கள், கண் தெரியாதவர்கள், ஊன்றுகோலோடு நிற்பவர்கள். எல்லோரும் டிஞ்சர் பென்ஷன் வாங்கிக் கொடுத்தவர்கள். எல்லோர் பக்கத்திலும் டிஞ்சர் நின்று சிரித்தார். படங்களுக்கு வெளியே அவர் தரையில் உட்கார்ந்து நாளைக்காகச் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று பளபளத்தது. இன்னொன்று கையில்.

"வாம்மா. சாட்சி ஏதாச்சும் கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்" என்றாள் ஊசி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "சமையல்காரர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. முகாம் குளியலறைச் சுவர்ல எறும்பு மொய்ச்சதை நீங்க பார்த்தீங்களாம்."

"குளியலறையா? அங்க ஏதும்மா குளியலறை? பாறை மேலல்ல..."

தூரிகை நின்றது.

இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்திருப்பார். ஆனால் வயசெல்லாம் அடுத்தவர் மனுவில் தப்புத் திருத்தியே பழகிய நாக்கு. தப்பான இடத்தைக் கேட்டதும் முந்திக்கொண்டது.

"அப்பாடா!" என்றார் சில்லறை. "ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாடியே விசில் அடிச்சிட்டாரு."

டிஞ்சர் சப்பாத்தைக் கீழே வைத்தார். விரல்களில் கருப்பு அப்பியிருந்தது. அதைத் துடைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"செங்கல் நிறம்மா" என்றார் கடைசியில். "அன்னைக்கு ராத்திரியே அவனுக்குத் தெரியாம அந்தப் பாறையில இருந்து எடுத்துக் காய்ச்சிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பா வந்துச்சு."

"அப்புறம் வருஷா வருஷம் நீலமாவே இருந்துச்சே, அது யாரோடது?"

"என்னோடது."

"மேலதிகாரி செய்யச் சொன்னாரா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமான்னா நம்புவியா?"

"மாட்டேன்."

"நம்பாத. யாரும் சொல்லல." குரல் கீழே இறங்கியது. "வெடி தேடிப் போறப்ப ஒரு வரிசை உண்டு. முதல்ல அவன். அவனுக்குப் பின்னாடி மருந்துப் பையோட நான். அவன் கால் வச்ச தடத்துல மட்டும்தான் நான் கால் வைப்பேன். மண்ணு அவன் கையோட பேசும்மா. சர்க்கரைன்னு எழுதினா மறுநாளே அவனை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவன் இடத்துக்கு வர இருந்தவன் ஒரு கத்துக்குட்டி, கம்பியைப் பிடிச்சா கை நடுங்கும். எனக்குப் பயம். வேற ஒண்ணும் இல்ல. பயம்."

"மாத்திரையாவது குடுத்திருக்கலாமே?"

"மாத்திரை குடுத்தா நோய் இருக்குன்னு ஆயிடுமே."

ஊசிக்கு உடம்பு எரிந்தது. எத்தனையோ மேஜைகளுக்கு எதிரே நின்று பேசியிருக்கிறாள். மேஜை இல்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளை எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. தெரியாததால் இன்னும் கோபம் வந்தது.

"அவரு கால்ல நடந்துதான் சார் நீங்க ஊருக்கு உயிரோட வந்திருக்கீங்க. ஒரு காலை ஆஸ்பத்திரிக் குப்பையில போட்டாச்சு. இன்னொண்ணு அழுகிட்டிருக்கு. நீங்க சப்பாத்துக்குப் பாலிஷ் போடுறீங்க. நாளைக்கு போர்டுல எழுந்து இதைச் சொல்லுங்க."

டிஞ்சர் சுவரைக் காட்டினார். "இவங்க எல்லாருக்கும் என் கையால மனு போட்டது. பொய் ரிசல்ட் எழுதினவன் போட்ட மனுன்னு தெரிஞ்சா ஒவ்வொண்ணையும் தோண்டி எடுப்பாங்க. ஒருத்தன் காலுக்காக இத்தனை பேர் சோத்துல கை வைக்கச் சொல்றியா?"

அதில் பொய் இல்லை. வாரியம் அப்படித்தான் செய்யும் என்று ஊசிக்கும் தெரியும். அவள் சுவரில் இருந்த முகங்களைப் பார்த்தாள். எழுந்தாள்.

"அதை அவரு மனைவிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மனைவி முக்காலியில் உட்கார்ந்து, கணவனின் பாதத்தை மடியில் வைத்து, பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஊசி ஒன்றையும் மறைக்கவில்லை. பாறை, பெயர், பாட்டில், யாருக்குப் பின்னால் யார் நடந்தார் என்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

கேட்டு முடித்ததும் அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குத் தெரியும்."

மனைவியின் கை நின்றது. "என்ன தெரியும்?"

"வருஷா வருஷம் எல்லார்கிட்டயும் பாட்டில் வாங்குவான். என்கிட்ட மட்டும் வாங்க மாட்டான். 'உன்னோடதை முடிச்சிட்டேன் போ'ன்னு சொல்லுவான். நானே குடுக்காததை இவன் எப்படி முடிச்சான்? என்னவோ இருக்குன்னு தெரியும். வேலையும் வேணும், சம்பளமும் வேணும். வாயை மூடிட்டு இருந்தேன். கால் போகும்னு யாரு கண்டது?"

"ரெண்டு தடவை போர்டுல தோத்தீங்களே, அப்பவும் தெரியுமா?"

"அவனைக் காட்டிக் குடுத்து நான் என்னடி பண்ணப் போறேன்? மலையில என் பின்னாடி வந்தவன். ராத்திரியில அம்மான்னு அழுவான். நாளைக்கு யாராச்சும் அவன் பேரை எடுத்தீங்க, அப்பீலே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன். ஆமா."

சில்லறை சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி கத்தவில்லை. பாதத்தை மடியிலிருந்து எடுத்துத் தலையணை மேல் வைத்தாள். பாதி பிரித்த கட்டு தொங்கியது. புதுத் துணிச்சுருளை அவர் மார்பின் மேல் வைத்தாள்.

"சீழ் துடைக்கறது நான். நாத்தத்துல சாப்பாடு இறங்காம கிடக்கறது நான். சலவைக் கூடத்துல பத்து மணி நேரம் நின்னுட்டு வந்து உங்களைக் கக்கூஸுக்குத் தூக்கிட்டுப் போறது நான். சிநேகிதம் மட்டும் அவரோடவா? சரி. மீதிக் கட்டை உங்க சிநேகிதரையே வந்து போடச் சொல்லுங்க."

"ஏய்..."

"ஏயாவது ஓயாவது. நான் தொட மாட்டேன்."

அவள் எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றாள். கட்டிலில் இருந்தவர் குனிந்து தன் பாதத்தை எட்டப் பார்த்தார். எட்டவில்லை. மறுபடி முயன்றார். மகள் ஓடிவந்தாள், அம்மா ஒரு பார்வை பார்த்தாள், மகள் நின்றுவிட்டாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் ஊசி பார்த்தாள். அந்தப் பிடிவாதம் அவளுக்குப் புரிந்தது. எவ்வளவு நாள்தான் ஒருத்தி இரண்டு ஆம்பளைகளின் ரகசியத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பாள்?

படியில் காலடி கேட்டது. மெதுவான காலடி. வாசலில் டிஞ்சர் நின்றார். விரலில் இன்னும் பாலிஷ்.

"நான் ஒண்ணு விளக்கமா சொல்லிட்டுப் போலாம்னு..." என்று ஆரம்பித்தவர் மூக்கைச் சுருக்கினார். பேச்சு பாதியில் அறுந்தது. "என்ன வாடை இது?"

"தெரியாதா? வாராவாரம் வந்துட்டுத்தானே இருந்தீங்க?" என்றாள் மனைவி.

"கட்டுப் போட்டு மூடியிருக்கும். நான்... நான் பார்த்ததில்ல."

"இப்பப் பாருங்க."

அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கையைச் சட்டையிலேயே அழுத்தித் துடைத்துக்கொண்டு, தொங்கிய கட்டைப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க, செயலாளர் போய் மருத்துவ உதவியாளர் வந்தார். புண்ணின் ஓரத்தை அழுத்தினார். கணுக்காலுக்கு மேலே சிவப்பு ஏறியிருந்த கோட்டை விரலால் தொடர்ந்தார். பாதத்தின் மேல் நாடி பிடித்துப் பார்த்தார். இடம் மாற்றிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"வலிக்குதாடா?"

"ஒண்ணும் தெரியல" என்றார் எறும்பு.

டிஞ்சரின் முகத்தில் இருந்த விளக்கமெல்லாம் வடிந்துபோயிற்று. "எப்ப இருந்து இந்தக் கோடு மேல ஏறுது?"

"மத்தியானம் இல்ல" என்றாள் மனைவி. "மத்தியானம் நான் பார்த்தப்ப இல்லவே இல்ல."

"விசாரணை வரைக்கும் தாங்காது. இப்பவே தூக்கணும். விட்டா கால் மட்டும் போகாது."

"எங்க தூக்கறது? ராணுவ ஆஸ்பத்திரி வாசல்லயே ரெண்டு தடவை நிறுத்தி அனுப்பிட்டாங்க. இப்ப மட்டும் என்ன சொல்லி உள்ள விடுவாங்க?" என்றாள் அவள்.

டிஞ்சர் கைப்பேசியை எடுத்தார். அந்த எண் அவருக்கு மனப்பாடம். எத்தனையோ பேருக்காகக் கூப்பிட்ட எண்.

"அவசரப் பிரிவா? ஒரு கேஸ் அனுப்பறேன். சர்க்கரை, பாதத்துல அழுகல், நாடி இல்ல. முன்னாள் கண்ணிவெடிப் பிரிவு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. "இல்லங்க. போர்டு இன்னும் ஒப்புக்கல. ஆனா நோய் பணிக்காலத்துல வந்தது."

"போனை வைடா!" என்று கத்தினார் எறும்பு. எட்டிப் பிடிக்கப் பார்த்துத் தடுமாறினார். மகள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வைடா, முட்டாப் பயலே! உன் பொழப்பு போயிடும்டா!"

டிஞ்சர் அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"சான்று இருக்குங்க. நான்தான் அந்த முகாம் மருத்துவ உதவியாளர். அவர் பாட்டிலுக்குப் பதிலா என் பாட்டிலை வச்சு ரிசல்ட் எழுதினேன். எல்லா வருஷமும். ஆமா. தெரிஞ்சேதான். ஆமாங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். என் பேரை எழுதிக்கிடுங்க."

பேரைச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை சொன்னார். பிறகு கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தார்.

"கொண்டுவரச் சொல்லிட்டாங்க. சிகிச்சை உடனே ஆரம்பிப்பாங்களாம். மத்ததை அப்புறம் பார்ப்பாங்களாம்." கைப்பேசியைப் பையில் போட்டார். "வண்டி அனுப்புறாங்க."

"காலு?" என்றாள் மனைவி.

"அதை அங்க போய்த்தான் சொல்ல முடியும்."

எறும்பு அழுதுகொண்டிருந்தார். மனைவி அவர் கழுத்தடியில் கையைக் கொடுத்து நிமிர்த்தினாள். "அழறதை வண்டியில அழுங்க. முதல்ல எந்திரிங்க."

தெருவில் வண்டியின் சத்தம் கேட்டபோது சில்லறை பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவரை அதில் உட்கார வைத்தார்கள். ஊசி ஒரு கைப்பிடியைப் பற்றினாள், மகள் இன்னொன்றை. சில்லறை முதுகுப் பக்கம். அந்தக் குறுகல் படியில் நாற்காலியோடு இறங்க, கீழே நின்று பாரத்தை மார்பில் தாங்குகிற ஆள் ஒருவர் வேண்டும். அவர் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும்; படி கண்ணுக்குத் தெரியாது; மேலே இருப்பவர்களுக்குக் கை நழுவினால் எல்லாம் அவர் மேல்தான் வரும். படி விளக்கு வேறு எரியவில்லை.

ஒரு கணம் எல்லோரும் நின்றார்கள்.

மனைவி டிஞ்சரைப் பார்த்தாள்.

"நீங்க முன்னாடி போங்க" என்றாள்.

அவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலால் இருட்டில் முதல் படியைத் தடவிப் பார்த்து, வைத்தார்.